முப்பத்தோராம் உருப்படி

“ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துதேன். எருப் போடுதேன். பிள்ளையப் பாக்குற மாதிரி பாக்கேன். பொறவும் ஏம்மா வாடுது?”

நந்தவனத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த வேலம்மை நிமிரவில்லை.

“எது ஐயா?”

“நாரத்தை. என் வீட்டுக்காரி வச்சது.”

கேட்டவர் பிறவிப்பெருமாள். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று.

வேலம்மைக்கு நாற்பதுகூட இருக்காது. குன்றுமேல் இருக்கும் முருகன் கோயில் நந்தவனம் அவள் பொறுப்பு. பாதிக் கேள்விக்கு அவள் பதிலே சொல்ல மாட்டாள். ஆனாலும் செடிக்கு ஒன்று என்றாலும் மனசுக்கு ஒன்று என்றாலும் ஊர்க்காரர்கள் அவளைத் தேடித்தான் படியேறுவார்கள்.

வாழ்நாளெல்லாம் கொடியசைத்து ரயிலை அனுப்பியவர், மூன்று வருஷமாக அவளுக்குக் குடம் சுமந்து பாடம் கேட்கிறார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

“வைகாசி முடியுற வரைக்கும் அது உசுரோட இருந்தாப் போதும்மா. ஹைதராபாத்துக்குக் கொண்டுபோயிருவேன். மகன் அங்கயே வந்து இருந்துரச் சொல்லுதான். லாரிக்கும் சொல்லிட்டான்.”

“இங்க என்ன குறை?”

“குறை ஒண்ணுமில்ல. ஒரு ஊருல மூணு வருசத்துக்கு மேல இருந்து பழக்கமில்லையே.”

வேலம்மை இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

“நாளைக்கு வாரேன்” என்றாள்.

அவள் யார் வீட்டுக்கும் போனதாகப் பிறவிப்பெருமாளுக்கு நினைவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் கத்திரி வெயில் கொளுத்தியது. அவருக்கு மனைவி காந்திமதி நினைப்பாகவே இருந்தது.

முதல் ஊர் குவார்ட்டர்ஸில் அவள் அவரைக்கொடிக்குப் பந்தல் போட்டிருந்தாள். முருங்கை வைத்திருந்தாள். முருங்கை பூத்த வாரத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. ஏதோ வேலையாக இரண்டு மாதம் கழித்து அவர் அங்கே போனபோது, எல்லாவற்றையும் வெட்டிவிட்டு மோட்டார் சைக்கிள் நிறுத்தக் கொட்டகை போட்டிருந்தார்கள். வந்து அவளிடம் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“இனிமே அடுத்தவங்க மண்ணுல ஒண்ணும் வைக்க மாட்டேன்” என்றாள் அவள்.

அதற்கப்புறம் வைத்தது ஒன்றே ஒன்று. மண்தொட்டியில் ஒரு நாரத்தை விதை.

பத்து ஊர் மாறினார்கள். ஒவ்வொரு தடவையும் கட்டில், பீரோ, பெட்டி என்று எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயின்டில் நம்பர் எழுதுவார். ஏற்றும்போதும் இறக்கும்போதும் எண்ணிச் சரிபார்க்க வேண்டுமே. தொட்டிக்கு முப்பத்தொன்று. நம்பர்தான் லாரிக்கு. தொட்டி வந்தது, முன் சீட்டில் காந்திமதியின் மடியில்.

“சொந்த வீட்டுக்குப் போனதும் இதுல ஒரு காய் பறிச்சு ஊறுகா போடுதேன் பாருங்க” என்பாள்.

சொந்த வீடு வந்தது. ஆறாம் மாதம் அவள் கண்ணை மூடினாள். நாரத்தை இன்றுவரை ஒரு பிஞ்சுகூட விடவில்லை.

அவருக்கு அந்த வீட்டில் பேச்சுத்துணை அந்தச் செடிதான். அதைச் சாக விடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தார்.

மறுநாள் காலை வேலம்மை வந்தாள். நாற்காலி போட்டார். உட்காரவில்லை. நேரே வடக்குச் சுவரோரம் போய்த் தொட்டி முன்னால் நின்றாள்.

“இது என்ன, முப்பத்தொண்ணு?”

“லாரியில ஏத்துற நம்பரும்மா.”

“பெயின்டு புதுசா இருக்கு.”

“பொங்கலுக்குப் பொங்கல் அழிஞ்சதத் திருப்பி எழுதிருவேன்.”

“ரிட்டயர் ஆனது எப்ப?”

“மூணு வருசமாச்சு.”

சொல்லி முடித்ததும் அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. வேலம்மை அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டாள்.

“தொட்டி இங்கயேதான் இருக்குமா?”

“அதெப்படி? பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா மாத்தி வைப்பேன். ஒரே பக்கமா வெயில் அடிக்கக் கூடாதுல்லா. நாளைக்கு மாத்துற நாளு.”

“இன்னைக்கே மாத்துங்க. பாக்கேன்.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு கையாலும் தொட்டியின் விளிம்பைப் பிடித்தார். கொஞ்சம் அசைத்தார். வழக்கம்போல வெடுக்கென்று ஒரே இழுப்பாக இழுத்தார்.

அடியில் ‘நறுக்’கென்றது.

“இந்தச் சத்தம் எப்பவும் கேக்குமா?”

“கேக்கும். மண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும்லா.”

“சாச்சுப் பாருங்க.”

தொட்டியைப் பதனமாகச் சாய்த்தார்.

தண்ணீர் வடிவதற்காக அடியில் போட்ட ஓட்டை. அதிலிருந்து ஈர்க்குக் கனத்தில் ஒரு வேர் நீட்டிக்கொண்டு, அறுந்து, வெள்ளையாக ஈரம் கசிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிலும் பழைய வேர் முனைகள். எல்லாம் கறுத்துக் காய்ந்திருந்தன.

தொட்டி இருந்த இடத்தில் தரையைப் பார்த்தார். மிச்ச வேர் மண்ணுக்குள்ளே போயிருந்தது.

பிறவிப்பெருமாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நானா அறுத்தேன்?”

வேலம்மை குனிந்து அறுந்த வேரில் ஈர மண்ணை அப்பினாள்.

“மூணு வருசமா நானா?”

கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார். கொல்லைப்புறம் போய்க் கடப்பாரையை எடுத்துவந்தார்.

“வெயில் தாழட்டும் ஐயா.”

“குழியாவது எடுத்து வைக்கேன்.”

“எந்த இடத்துல?”

“அது எங்க இறங்கப் பாத்துதோ, அங்க.”

வேலம்மை தலையை ஆட்டிவிட்டுக் குன்றுக்குப் போய்விட்டாள்.

முழங்கை ஆழத்தில் சுக்கான் பாறை தட்டியது. நாலு குத்துக்கு ஒரு சில் பெயர்ந்தது. உள்ளங்கை கொப்பளித்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு குத்தினார். மதியச் சோற்றை மறந்தார். ஹைதராபாத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்தது, எடுக்கவில்லை. இடுப்பளவு குழி எடுத்த பிறகுதான் கடப்பாரையைக் கீழே வைத்தார்.

வெயில் தாழ்ந்தது. சுத்தியலை எடுத்துத் தொட்டிமேல் ஓங்கினார். நம்பர் இருந்த பக்கம் என்று கை ஒரு நொடி நின்றது. பிறகு அந்தப் பக்கமே அடித்தார்.

உள்ளே மண்ணே தெரியவில்லை. போக இடமில்லாத வேர்கள் சுற்றிச் சுற்றித் தொட்டி வடிவத்திலேயே நின்றன. விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். குழியில் இறக்கினார். மண் தள்ளினார். காலால் மிதிக்க மனசு வராமல் கையாலேயே அமுக்கினார். நாலு குடம் தண்ணீர் ஊற்றித் தென்னங்கீற்றைச் சாய்த்து நிழல் கட்டினார்.

மறுபடியும் போன் அடித்தது.

“என்னப்பா, காலையில இருந்து எடுக்கவே இல்ல? லாரிக்காரன் கேக்கான். மொத்தம் எத்தனை உருப்படி?”

காலடியில் ஓட்டுச்சில் கிடந்தது. அதில் முப்பத்தொன்றில் பாதி.

“உருப்படி ஒண்ணுமில்லடே. லாரி வேண்டாம். ரயிலுக்கு டிக்கெட் போடு.”

“சரி. ஒண்ணுதானே?”

“ரெண்டு” என்றார் பிறவிப்பெருமாள். “வாரதுக்கும் சேத்து.”