இழுபடும் நாண்

கோணேந்தல்காரர்களுக்கு மூளை கிடையாது என்று சுற்றுவட்டாரத்தில் பேசிக்கொள்வது அபாண்டம். மூளை இருக்கிறது. தேய்ந்துவிடுமே என்று எடுத்துப் புழங்குவதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர்க் காத்தமுத்து அம்பலத்துக்கு வருஷத்தில் ஒரே ஒரு வேலை. விஜயதசமி சாயங்காலம் சாமி குதிரை வாகனத்தில் பொட்டலுக்கு வரும். சாமிக்குப் பதிலாக அவர் வில்லெடுத்து, அங்கே நட்டு வைத்த வாழைமரத்தில் ஒரு அம்பு விட வேண்டும். விட்டால் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். மற்ற நாளெல்லாம் அந்தப் பரிவட்டத்தை நினைத்து மீசையைத் தடவிக்கொண்டிருப்பார். அம்பு விட முடியாமல் போனால் அந்த மரியாதை பக்கத்து ஊர் ஆவாரங்குளத்துக்குப் போய்விடும். அந்த ஊர் சோலைமலை அம்பலம் இதற்காகவே வருஷா வருஷம் தன் வில்லோடு வந்து முன்வரிசையில் நிற்பார்.

இந்த வருஷம் நாணை எலி கடித்துவிட்டது. வில்லோ காத்தமுத்துவின் பூட்டன் காலத்து மரம். அவர், மச்சினன் ஒச்சப்பன், சைக்கிள் கடை சேவுகன் மூவரும் வில்லைத் தூக்கிக்கொண்டு மதுரையில் வில், அம்பு விற்கிற கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் பொறுமைசாலி. “வில்லு ரொம்பப் பழசுங்க. இப்ப வர்ற புது நூலு துளிகூட இழுபடாது. அதைப் போட்டா அதிர்ச்சியெல்லாம் மரத்துக்குப் போயி முனை பிளந்துரும். இந்த டெக்ரான் நாண் கொஞ்சம் இழுபடும், அதான் பழைய வில்லுக்குப் பத்திரம். இன்னொண்ணு, நாணை இழுத்துட்டு அம்பு இல்லாம விட்டுறாதீங்க. வில்லே ஒடஞ்சிரும்” என்றார்.

மூவரும் அந்த நாணை வாங்கிக்கொண்டு தலையாட்டினார்கள். பாவம், அந்தத் தலையாட்டலை அவர் நம்பிவிட்டார்.

பஸ் திருப்புவனம் தாண்டுவதற்குள் ஒச்சப்பனுக்கு யோசனை வந்துவிட்டது. அவனுக்கு யோசனை வந்தால் ஊருக்குச் செலவு என்று அர்த்தம்.

“மச்சான், இழுபட்டா பத்திரம்னாருல்ல?”

“ஆமா மாப்ள.”

“இது கொஞ்சந்தான் இழுபடுது. அப்பக் கொஞ்சந்தான பத்திரம்? பூட்டன் வில்லுக்குக் கொஞ்சப் பத்திரம் போதுமா?”

பரிவட்டத்துக்குக் கொஞ்சப் பத்திரம் எப்படிப் போதும்? ஊரிலேயே அதிகமாக இழுபடுவது எது என்று காத்தமுத்து கேட்டார். சேவுகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “நம்ம கடை டியூப்புதாங்க அம்பலம்” என்றான்.

விஜயதசமி காலையில் வில்லுக்குச் சைக்கிள் டியூப் கட்டினார்கள். டெக்ரான் நாண் ஆட்டுக்குட்டியைக் கட்டப் போனது. அந்த ஊரில் ஒழுங்கான வேலைக்குப் போனது அது ஒன்றுதான்.

காத்தமுத்து முற்றத்தில் நின்று டியூப்பை இழுத்துப் பார்த்தார். காது வரைக்கும் வந்தது. வில் லேசாகக்கூட வளையவில்லை. பூரித்துப் போனார். விடப் போகிற நேரத்தில் சேவுகன், “அம்பு எங்கங்க?” என்றான்.

அம்பு கோயிலுக்குள் இருந்தது. சாயங்காலம் பூஜை முடிந்து பொட்டலுக்கு வரும்போதுதான் வெளியே எடுப்பார்கள். விட்டால் வில் போச்சு, வில் போனால் பரிவட்டம் போச்சு.

“ஒரு குச்சிய வச்சு விடுங்களேன்” என்றாள் அவர் மனைவி மீனாள்.

“அம்புன்னுதான் சொன்னாரு. குச்சின்னு சொல்லல” என்றான் ஒச்சப்பன்.

“அப்ப மெதுவா விடுங்க.”

“விடாதன்னா மெதுவாவும் விடக்கூடாது அக்கா.”

மீனாள் அடுப்படிக்குப் போய்விட்டாள். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் அதிகம் இருந்த இடம் அதுதான்.

காத்தமுத்து இழுத்த நாணோடு நின்றார். கை கடுத்தபோது ஒச்சப்பன் முழங்கைக்குக் கவைக்கம்பு முட்டுக் கொடுத்தான். மூக்கு அரித்தால் சேவுகன் சொறிந்துவிட்டான். மதியம் மீனாள் வந்து, திட்டிக்கொண்டே சோற்றை ஊட்டினாள். வாசலில் வில் இடித்ததால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து வெளியேறினார். வீதியில் அவர் திரும்பிய பக்கமெல்லாம் ஜனம் குனிந்தது. அம்பு இல்லாத வில்லுக்குக் குனிகிற ஜனம் வேறெங்கும் கிடையாது.

பொட்டலில் சோலைமலை இந்தக் கோலத்தைப் பார்த்து மீசைக்குள் சிரித்தார். காத்தமுத்துவின் கண் வாழைமரத்தின் மேலேயே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரந்தான், தாங்கிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

மேளம் முழங்கியது. பூசாரி தட்டில் அம்பை ஏந்தி வந்து பயபக்தியோடு நீட்டினார். காத்தமுத்து அதைவிடப் பயபக்தியோடு, நாணை விட்டுவிட்டு வலது கையை நீட்டி அம்பை வாங்கிக்கொண்டார்.

டியூப் பொட்டென்று அடித்தது. காத்தமுத்து கண்ணை மூடிக்கொண்டு வில்லைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

சோலைமலைக்கே மனசு இளகிவிட்டது. “வில்லு நல்லாத்தான இருக்கு? கையிலதான் அம்பு வந்திருச்சே, எய்யும்யா” என்றார்.

மனுஷனுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது. காத்தமுத்து அம்பைப் பூட்டப் போனார். ஒச்சப்பன் குறுக்கே வந்து நின்றான்.

“பொறுங்க மச்சான். அம்பில்லாம விட்டா ஒடையும்னுல்ல சொன்னாரு. இது ஒடையலையே?”

“அதான?” என்றான் சேவுகன்.

“அவரு மதுரக்காரரு, கடை வச்சிருக்காரு. பொய் சொல்லுவாரா?”

“சொல்ல மாட்டாரு.”

“அப்ப வில்லுலதான் ஏதோ கோளாறு. ஒடைய வேண்டிய நேரத்துல ஒடையாத வில்ல நம்பி சாமி காரியம் பண்ணலாமா?”

காத்தமுத்து நெற்றியைச் சுருக்கி யோசித்தார். யோசித்திருக்கக் கூடாது. “நியாயந்தான்” என்று சொல்லி, வில்லைத் தரையில் சாய்த்து வைத்து நடுவில் ஓங்கி மிதித்தார். பூட்டன் காலத்து மரம் இரண்டாக முறிந்தது.

“இப்பச் சரியாப் போச்சு” என்றான் ஒச்சப்பன் நிம்மதியாக.

சோலைமலை காத்தமுத்துவின் கையிலிருந்த அம்பைக் கேட்டு வாங்கி, தன் வில்லில் பூட்டி, வாழைமரத்தில் விட்டார். அவர் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். காத்தமுத்து வில்லின் இரண்டு துண்டையும் பொறுக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மச்சினனைக் கூப்பிட்டார்.

“மாப்ள, காலையில மொத பஸ்ஸப் பிடிச்சு மதுரைக்குப் போ. அந்தக் கடைக்காரருட்ட, ஒடஞ்ச வில்லுக்கு எந்த நாண் பத்திரம்னு கேட்டுட்டு வந்துரு.”

“ஒண்ணு போதுமா மச்சான்?” என்றான் ஒச்சப்பன். “இப்ப நம்மகிட்ட ரெண்டு வில்லு இருக்கே.”