சடச்சி கட்டுன குப்பை மாடு

ஒரு ஊர்ல, அந்த ஊரு பேரு இப்ப வாயில வரல, விடுங்க, சடச்சின்னு ஒருத்தி இருந்தா. புருசன் இல்ல, புள்ள இல்ல, ஒரே ஒரு செவலை மாடு. அது கறக்குற பாலை வித்துத்தான் கஞ்சி குடிச்சா. மாடு குடிக்கிறதும், அவ குடிக்கிறதும், ஊரே குடிக்கிறதும் ஒரே ஊருணித் தண்ணி.

அங்கருந்து காத தூரத்துல அரண்மனை. அந்த ராசாவுக்கு எல்லாம் புதுசா வேணும். நேத்து உடுத்துன பட்டை இன்னைக்கு உடுத்த மாட்டாரு, காலு ஆடுற கட்டில்ல படுக்க மாட்டாரு, கீறல் விழுந்த கண்ணாடியில மொகம் பாக்க மாட்டாரு. எல்லாத்தையும் "தூக்கிப் போடு"ம்பாரு. "அரண்மனைக்குப் பின்னால குழி வெட்டிப் புதை"ன்னு மணியக்காரனுக்கு உத்தரவு. அவன் வெட்டுனானா? வெட்டல. வெயில்ல யாரு நிக்கிறதுன்னு, வண்டி வண்டியா நம்ம சடச்சி ஊரு ஊருணியில கொட்ட வச்சான்.

கொட்டுனாங்க, கொட்டுனாங்க, கொட்டிக்கிட்டே இருந்தாங்க. தண்ணி கறுத்துப்போச்சு. ஒரு நாள் செவலை மாடு பசியில ஒரு பட்டுத்துணிய மென்னு முழுங்கிருச்சு. வயிறு உப்பி, மூணாம் நாள் செத்தும்போச்சு.

சடச்சி அரண்மனைக்கு நடந்தா. மணியக்காரன் வாசல்லயே மறிச்சு, "ராசா பூசையில இருக்காரு"ன்னான். திரும்பி வந்தா. மறுபடி நடந்தா, "ராசா சாப்புடுறாரு"ன்னான். திரும்பி வந்தா. மூணாந்தரமும் நடந்தா. "ராசா தூங்குறாரு. ஒரு மாட்டுக்காக எழுப்பச் சொல்றியா? போ ஆத்தா"ன்னான்.

அவ அழுகல. அழுகுறதுக்கும் தெம்பு வேணுமில்ல? ஒரு குடம் தண்ணி மொள்ள எடம் வேணுமேன்னு ஊருணியில எறங்கி, கெடந்தத ஒண்ணொண்ணா இழுத்துக் கரையில போட்டா. அந்தக் குவியலைப் பாத்தா, மேல கெடந்த துணிமூட்டை அவ மாட்டுத் திமில் கணக்கா இருந்துச்சு. அப்படியே ஒக்காந்துட்டா. அப்புறம் எந்திரிச்சு, ஒடஞ்ச பல்லக்குக் கம்பை எலும்பா நட்டா, கிழிஞ்ச பட்டைத் தோலாச் சுத்துனா, ஊதாத கொம்பு வாத்தியத்தக் கொம்பா வச்சா, கண்ணாடிச் சில்லைக் கண்ணா ஒட்டுனா. வேல முடிஞ்சு தள்ளி நின்னு பாத்தா, செவலையேதான். வைக்கோல் போடக் கை போயிருச்சு அவளுக்கு.

கொஞ்ச நாள் கழிச்சு, ராசா குலசாமி கும்புடப் போற வழியில அதப் பாத்துட்டாரு. மாட்டைத்தான் பாத்தாரு, ஊருணியப் பாக்கல.

"யாரு செஞ்சது இது?"

"நாந்தான் சாமி. என் மாடு இந்தக் குப்பையத் தின்னு..."

மணியக்காரன் குறுக்க பூந்து, "ரொம்ப நல்லாருக்கு மகராசா, நம்ம வாசல்ல ஒரு யானை செய்யச் சொல்லலாம்"னான். ராசா துள்ளிக் குதிச்சாரு. "செய் சடச்சி! சாமான் பத்தலைன்னா புதுசையும் ஒடச்சுத் தரச் சொல்றேன்!"

ஏண்டி சிரிக்கிற? ராசான்னா அப்படித்தான்.

சடச்சி ஊருணியத் திரும்பிப் பாத்தா. அப்புறம் சொன்னா, "செய்யுறேன் சாமி. ஆனா ஒண்ணு. அரண்மனைக் குப்பை இனிமே ஒரு வண்டி கூட வேற எங்கயும் போகக்கூடாது. அம்புட்டும் யானைகிட்டதான் வரணும்."

"அவ்வளவுதான? ஆகட்டும்!"

வந்துச்சு பாருங்க குப்பை. காலு கட்டுனா, வந்துச்சு. வயிறு கட்டுனா, வந்துச்சு. தும்பிக்கை கட்டுனா, இன்னும் வந்துச்சு. யானை வளந்து வளந்து கோட்டை வாசலையே அடைச்சிருச்சு. ராசா பல்லக்கு வெளிய போக முடியல. எலி குடியேறிருச்சு. சமையக்கட்டு மிச்சமும் அங்கயே வந்து விழுந்து நாற, அரண்மனையே மூக்கைப் பொத்திக்கிட்டு அலைஞ்சுச்சு.

"சடச்சி, இது எப்பத்தான் முடியும்?"

"எறியுறது நின்னா முடியும் சாமி. வந்துக்கிட்டே இருந்தா வளரத்தான செய்யும்?"

"இவ வேணும்னே பண்றா மகராசா!"ன்னான் மணியக்காரன்.

சடச்சி அவன் பக்கம் திரும்பக்கூட இல்ல. "பத்து நாளு ஒங்க வாசல்ல கெடந்ததுக்கே இப்படி இருக்கே சாமி. எங்க ஊருணியில மூணு வருசமாக் கெடக்கு. அதைத் தின்னுதான் என் மாடு செத்துச்சு."

ராசா மணியக்காரன் பக்கம் திரும்புனாரு. மெதுவா, "ஊருணியிலயா? குழி வெட்டச் சொன்னேனே"ன்னாரு. மணியக்காரன் தலையத் தொங்கப் போட்டான்.

"எறிஞ்சவன் நான். இனிமே கிழிஞ்சதைத் தச்சு உடுத்துவேன், ஒடஞ்சதை ஒட்டிப் பொழங்குவேன். கொட்ட வச்சவன் நீ. ஊருணி தெளியுற மட்டும் நீயே எறங்கி அள்ளு. கூலியாளு வச்சேன்னு கேட்டேன், தொலைச்சுப்புடுவேன்"ன்னாரு ராசா.

அள்ளுனான். வெயில்ல அள்ளுனான், மழையில அள்ளுனான், இடுப்பு ஒடிய அள்ளுனான். அப்படியும் மூணு மழை பெஞ்சப்புறந்தான் அந்தத் தண்ணி வாயில வைக்கிற மாதிரி ஆச்சு.

சடச்சிக்கு ராசா ஒரு கன்னுக்குட்டி குடுத்தாரு. இன்னும் என்ன வேணும்னு கேட்டதுக்கு, "வீட்டுக்குப் போகணும் சாமி"ன்னா. போயி கதவைச் சாத்தாம, பாயக்கூட விரிக்காம தரையில சாஞ்சவதான். அசந்து தூங்குனா பாவம்.

தூக்கிப் போட்டா போயிருச்சுன்னு நெனைக்காதீங்கடி, அது இன்னொருத்தி குடிக்கிற தண்ணியில போயிக் கெடக்கும். அம்புட்டுத்தான், கதை அதுபாட்டுக்கு நடந்து போயிருச்சு, நீங்களும் கண்ணை மூடுங்க.