எந்தத் தகடு?

"யாரோ ஒருத்தர் வேணும்னே அந்தப் புகாரை அமுக்கியிருக்காங்க மேடம். யாருன்னு தெரியாம நான் விடப்போறதில்லை" என்றான் செம்பியன்.

மீயொலி ஆய்வுக்கூடத்தில் அவன்தான் மூத்த மாணவன். முதலாண்டு மாணவி தமயந்தி, மின்பெருக்கிப் பெட்டி ஷாக் அடித்துக் கை வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பெட்டியில் கரண்ட் கசிகிறது என்று அவள் பலமுறை சொல்லியும், அது பேராசிரியர் சூடாமணியின் காதுக்கு வந்து சேரவில்லை. அன்றிலிருந்து செம்பியனுக்கு எல்லோர் முகமும் திருட்டு முகமாகவே தெரிந்தது. டீ கொண்டு வருபவரைக்கூட ஒரு மாதிரிதான் பார்த்தான்.

"யார் மேல சந்தேகம்?"

"ஸ்டோர் பிச்சைமணி. கேட்டா, 'ஆபீஸ்ல ரோஸ்லின்கிட்ட சொன்னேனே'ங்கிறார்."

சூடாமணி தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். ஒரு முனையில் மீயொலியை அனுப்பும் கருவி, மறுமுனையில் வாங்கும் கருவி. திரையில் அலை துள்ளிக்கொண்டிருந்தது.

"ஒரு தகடுதான் பிச்சைமணின்னு வச்சுக்கோ. நடுவுல இறக்கு."

மேஜையில் இருந்த ஐந்து அலுமினியத் தகடுகளில் ஒன்றைச் செம்பியன் தண்ணீரில் இறக்கினான். அலை கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

"இவரா?"

"இல்லை போலிருக்கு. அப்போ ரோஸ்லின்தான். எனக்கு அப்பவே தெரியும்."

"அவங்களையும் வை. தகட்டுக்குத் தகடு இடைவெளி மாறக் கூடாது."

இன்னும் கொஞ்சம் குறைந்தது. ரோஸ்லின் கைகாட்டியிருந்த எலக்ட்ரீஷியன் வேதமுத்துவையும் இறக்கினான். அலை இளைத்தது, சாகவில்லை.

சூடாமணி அதிர்வெண்ணை மாற்றினார். அலை திரை முட்டக் குதித்தது.

"தகடெல்லாம் அப்படியேதானே இருக்கு மேடம்?"

"அப்படியேதான் இருக்கு. போன மாசம் நமக்குப் பணம் தர்ற கம்பெனிக்காரங்க ஏசி சரியில்லைன்னாங்களே, அது இதே ஆளுங்க வழியா அன்னைக்கே எனக்கு வந்துடுச்சு."

மறுபடி பழைய அதிர்வெண்ணுக்கே திருப்பினார்.

மேஜையில் இரண்டு தகடுகள் மிச்சம். ஒன்றை அவரே எடுத்து இறக்கினார்.

"இது நான். தமயந்தி என் கதவு வரைக்கும் வந்தா. அப்புறம் வான்னேன்."

திரையில் அலை நூலாய்த் துடித்தது.

"இன்னும் கேக்குது பார்" என்றார்.

கடைசித் தகட்டை அவன் பக்கம் நீட்டினார். அது யார் என்று கேட்கவில்லை.

விபத்துக்கு முன்பு கேன்டீனில் தமயந்தி விரலைத் தடவிக்கொண்டே, பெட்டி ஷாக் அடிக்கிறது என்று முதன்முதலில் அவனிடம்தான் சொன்னாள். "கை ஈரமா இருந்திருக்கும்" என்று சிரித்துவிட்டு, பிச்சைமணியிடம் சொல்லச் சொல்லி அனுப்பியவன் அவன்.

தகட்டைத் தண்ணீரில் இறக்கினான்.

திரையில் அலை நேர்கோடாய்ப் படுத்துவிட்டது.