ஈரம் வேறு, காய்ந்தது வேறு

சென்னையில், பெரம்பூர்ப் பக்கம், ‘சுகவாசம்’ என்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே இருப்பவர்கள் தங்கமானவர்கள். சொன்ன பேச்சைத் தட்டவே மாட்டார்கள். தொல்லையே அதுதான்!

சங்கச் செயலாளர் தணிகாசலத்தின் மகளை ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். வாசலிலோ குப்பை மலையாகக் கிடந்தது. குப்பை வண்டி கன்னியம்மா தொடமாட்டேன் என்றுவிட்டார்.

“ஈரக் குப்பை பச்சைத் தொட்டி, காஞ்ச குப்பை நீலத் தொட்டி. பால் கவரைக் கழுவிப் போடுங்க. ரெண்டும் கலந்து வந்தா ஒண்ணையும் எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்!”

தணிகாசலம் கூட்டம் போட்டார்.

“இந்த நாத்தத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உள்ள வருவாங்களா? என் பொண்ணு வாழ்க்கைங்க!” என்று அழுதார். எல்லோரும் கூடவே அழுதுவிட்டு வேலையில் இறங்கினார்கள்.

முதல் மாடி எத்திராஜ், கழுவிய பால் கவரைத் தூக்கிப் பிடித்தார். தண்ணீர் சொட்டியது.

“இது ஈரமா, காஞ்சதா?”

“ஈரம்தான். கண்ணு தெரியலையா?” என்றார் தணிகாசலம்.

“அப்போ பச்சைத் தொட்டி.”

வாழைப்பழத் தோல், கத்தரிக்காய்க் காம்பு எல்லாவற்றையும் மரகதம் மாமி மொட்டை மாடியில் பரப்பினார். நல்ல வெயில். சாயங்காலத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டன. சந்தேகமே இல்லாமல் நீலத் தொட்டி.

சனிக்கிழமை கன்னியம்மா வந்து தொட்டிகளைத் திறந்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

“அடக் கடவுளே! பச்சையில இருக்கிறது நீலத்துல இருக்கணும். நீலத்துல இருக்கிறது பச்சையில இருக்கணும்!”

“அவ்வளவுதானே?” என்றார் எத்திராஜ். உடனே ஆள் அனுப்பி பெயிண்ட் வாங்கினார்கள். பச்சைத் தொட்டிக்கு நீலம் அடித்தார்கள், நீலத் தொட்டிக்குப் பச்சை. கன்னியம்மா மறுபடியும் தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

வாசல் பளிச்சென்று ஆனது. தணிகாசலத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கொட்டோ கொட்டென்று மழை. மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை பைக்கில் வந்தார், தொப்பலாக நனைந்து.

எத்திராஜ் தணிகாசலத்திடம் ஓடினார். “ஐயோ சார், கலந்து வந்திருக்காங்களே!”

“பிரிச்சிடுவோம்,” என்றார் தணிகாசலம்.

உள்ளே கேசரி வந்தது, காபி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார்.

“எங்க பையனைக் காணோமே?”

“மாடியில காயப்போட்டிருக்கோம்மா,” என்றார் தணிகாசலம் பவ்யமாக. “மழைதான் விட மாட்டேங்குது. மாமி இப்பத்தான் புரட்டிப்போடப் போயிருக்காங்க.”