நட்டு ஊறும் நேரம்

உடுமலையில் சந்தைக்குப் போகிற வழியில் ஒரு ஸ்கூட்டர் ஒர்க் ஷாப் இருக்கிறது. அங்கே ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள்.

குருவின் பெயர் கோகிலா. வயது முப்பத்துநான்கு. சீடர் தெய்வசிகாமணிக்கு அறுபத்தொன்று. அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். குருவை ஒரு காலத்தில் அரையாண்டுத் தேர்வில் பெயிலாக்கியவரும் அவர்தான்.

ஓய்வுபெற்ற மறுவாரமே தெய்வசிகாமணி ஒரு முடிவுக்கு வந்தார். முப்பத்தைந்து வருடம் விசையும் இயக்கமும் பாடம் நடத்தியவன், சொந்த ஸ்கூட்டரைப் பழுதுபார்க்க இன்னொருவரிடம் கொடுப்பதாவது!

முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனர் நழுவி விரல் முட்டியில் தோல் உரிந்தது. இரண்டாம் ஞாயிறு சூடான சைலன்சரில் கெண்டைக்கால் பட்டது. மூன்றாம் ஞாயிறு பிரேக் ஸ்பிரிங் துள்ளிவந்து புருவத்தில் அடித்தது. அதற்கடுத்த வாரம் குழாய் வைத்துப் பெட்ரோல் உறிஞ்சியதில் ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. அன்று முழுக்க அவர் மனைவி சுலோச்சனா அவரை அடுப்புப் பக்கம் விடவில்லை.

"இன்னும் ஒரே ஒரு காயம்," என்றார் சுலோச்சனா. "அப்புறம் வண்டி பழைய இரும்புக்கடைக்குப் போயிரும்."

சொன்னதைச் செய்கிறவர். தெய்வசிகாமணியின் ஹார்மோனியம் ஏற்கெனவே அப்படித்தான் போனது.

ஐந்தாம் ஞாயிறு சுத்தியல் கட்டைவிரல் நகத்தின் மேல் இறங்கியது. தெய்வசிகாமணி சத்தம் போடவில்லை. வீட்டில் காட்டவும் இல்லை. இரண்டு நாள் ஸ்பூனால் சாப்பிட்டார். மூன்றாம் நாள் ஒர்க் ஷாப் வாசலில் வந்து நின்றார்.

"கோகிலா, உங்கிட்ட ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்க சார்."

"அடிபடாம வேலை செய்யறது எப்படி?"

கோகிலா அவருடைய கறுத்துப்போன நகத்தைப் பார்த்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. நான் சொல்றத மட்டும் செய்யணும். சரிங்களா?"

"சரி."

மறுநாள் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். பழைய பேண்ட், கையில் நோட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா.

ஒரு மொபெட் நின்றிருந்தது. பின்சக்கரத்து நட்டு துருவேறி, சட்டத்தோடு ஒன்றாகிப் போயிருந்தது.

"இந்த நட்டைக் கழட்டணும்," என்றார் கோகிலா.

தெய்வசிகாமணி பாய்ந்து ஸ்பேனரை எடுத்தார்.

"நான் இன்னும் சொல்லி முடிக்கலீங்க சார்."

ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

கோகிலா நட்டைச் சுற்றி நாலைந்து சொட்டு எண்ணெய் விட்டார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க, டீ குடிக்கலாம்."

"நட்டு?"

"அது ஊறட்டுங்க."

எதிரே டீக்கடை. தெய்வசிகாமணி நாலு மடக்கில் குடித்து முடித்தார். கோகிலா ஊதி ஊதிக் குடித்தார்.

"எவ்வளவு நேரம் ஊறணும்?"

"தெரியாதுங்க."

"ஒரு தோராயமா?"

"நட்டுக்குத்தான் தெரியும்."

தெய்வசிகாமணி நோட்டைத் திறந்து 'நேரம்' என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். காலை ஆட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"நெம்புகோல் பாடம் ஞாபகம் இருக்கா? ஸ்பேனர் கைப்பிடியில ஒரு நீளக் குழாயைச் சொருகிட்டா, அதே பலத்துக்கு ரெண்டு மடங்கு திருப்பலாம். இந்நேரம் கழண்டிருக்கும்."

"ஞாபகம் இருக்குங்க சார். அந்தக் கேள்விக்குத்தான் நீங்க எனக்கு முட்டை போட்டீங்க."

தெய்வசிகாமணி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்படி என்ன எழுதியிருந்தே?"

"அழுத்தறதுக்கு முன்னாடி கம்பி தாங்குமானு பார்க்கணும்னு எழுதினேனுங்க."

"கேள்வியில அது இல்லையே."

"இல்லீங்க. அதனாலதான் முட்டை."

அப்போது கோகிலாவுக்கு ஒரு போன் வந்தது. எழுந்து கடையின் ஓரமாகப் போய் நின்று பேசினார்.

தெய்வசிகாமணி சாலையைக் கடந்தார். ஒர்க் ஷாப் மூலையில் ஒரு நீளமான இரும்புக் குழாய் சாத்தியிருந்தது. ஸ்பேனரில் அதைச் சொருகி, நட்டில் மாட்டி, உடம்பின் மொத்தப் பாரத்தையும் அதன்மேல் போட்டார்.

நட்டு அசையவில்லை. குழாய்தான் கழன்று வந்தது. கை மட்கார்டில் மோதியது. கால் வழுக்கியது. கழிவு எண்ணெய் நிரம்பிய தட்டில் போய் உட்கார்ந்தார்.

கோகிலா திரும்பி வந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. நடுவிரலில் ரத்தம் வழிந்தது.

"போச்சு," என்றார். "என் வண்டி போச்சு கோகிலா. அவ சொன்னா செஞ்சிருவா."

கோகிலா அவரைத் தூக்கிவிட்டார். விரலைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டினார். ஸ்டூலின் மேல் பழைய செய்தித்தாளை விரித்து உட்காரவைத்தார். பிறகு வேறொரு வண்டியின் பிளக்கைத் துடைத்தார். அதை மாட்டினார். ஒரு டயருக்குக் காற்றடித்தார்.

அதற்கப்புறம் மொபெட்டிடம் வந்து, ஸ்பேனரை நட்டில் வைத்து ஒற்றைக் கையால் தன் பக்கம் இழுத்தார். 'கிறீச்' என்றது. நட்டு கழன்று உள்ளங்கையில் விழுந்தது.

தெய்வசிகாமணி நோட்டைத் தேடினார்.

"இப்ப என்ன செஞ்சே?"

"நானா? நான் டீ குடிச்சேனுங்க. எண்ணெய்தான் வேலை செஞ்சுது."

அன்று மாலை தெய்வசிகாமணி வீட்டில் எதையும் மறைக்கவில்லை. விரலைக் காட்டினார். திரும்பி நின்று பேண்டையும் காட்டினார்.

"எப்படி ஆச்சு?" என்றார் சுலோச்சனா. இரும்புக்கடைக்காரருக்குப் பேச போனைக் கையில் எடுத்திருந்தார்.

"ஸ்பேனர் மேல தப்பில்ல. நட்டு மேலயும் தப்பில்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

முப்பத்தாறு வருடத்தில் சுலோச்சனா கேட்டிராத வாக்கியம் அது. போனைக் கீழே வைத்தார்.

"சரி, இந்த ஒரு ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஸ்கூட்டரின் பின் பிரேக்கில் ஒரு நட்டு இறுகியிருந்தது. தெய்வசிகாமணி எண்ணெய் விட்டார். பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்தார்.

பத்து நிமிடம் கழித்து சுலோச்சனா பஞ்சும் மருந்துமாக ஓடிவந்தார்.

"ஏங்க, என்னாச்சு? சத்தத்தையே காணோம்?"

"ஊறுது."

சுலோச்சனாவுக்கு நம்பிக்கை வரவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தார். சும்மா எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? தன் தங்கை மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு மாதமாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னார். தெய்வசிகாமணிக்கு வேறு வேலை இல்லாததால் முழுவதும் கேட்டார். இரண்டு கேள்விகூடக் கேட்டார்.

பிறகு ஸ்பேனரை வைத்து மெல்லத் தன் பக்கம் இழுத்தார். நட்டு வெண்ணெய் மாதிரி வந்தது.

"வந்துருச்சு!" என்று துள்ளி எழுந்தார். தலைக்கு மேலே ஜன்னல் கதவு திறந்திருந்தது.

சுலோச்சனாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நெற்றியில் பிளாஸ்திரியை மூன்று தடவை கோணலாக ஒட்டி ஒட்டி எடுத்தார். இரும்புக்கடைப் பேச்சே எழவில்லை.

மறுநாள் காலை கோகிலா அவர் நெற்றியைப் பார்த்தார்.

"நட்டு கழண்டுச்சுங்களா சார்?"

"சுலபமா கழண்டுச்சு. அந்த சந்தோஷத்துல எந்திரிச்சேன், இடிச்சுக்கிட்டேன்."

கோகிலா தலையாட்டினார். குனிந்து வேலையைத் தொடர்ந்தார்.

தெய்வசிகாமணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆனா கோகிலா, அடிபடாம வேலை செய்யறது எப்படினு நீ கடைசிவரைக்கும் சொல்லவே இல்லையே?"

குரு ஸ்பேனரை வைத்துவிட்டு இடது கையை நீட்டினார். ஆள்காட்டி விரலில் புதுத் துணிக்கட்டு. ரத்தம் இன்னும் காயவில்லை.

"காலையில வண்டிக்காரர் பக்கத்துலயே நின்னு பார்த்துட்டு இருந்தாருங்க சார். கொஞ்சம் கெத்து காட்டலாம்னு தோணிருச்சு."