இருதயராஜ் சாரின் பின்விளக்கு

"ஒரு பல்பு எத்தனை தடவைதான்மா போகும்?" என்று கேட்டார் இருதயராஜ்.

தவமணி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

திண்டுக்கல் பைபாஸில் அவளுக்கு ஒரு தகரக் கொட்டகை. வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பாள். லாரிக்காரர்கள் அவளிடம் வண்டியை விட்டுவிட்டு, பக்கத்திலேயே துண்டை விரித்து நிம்மதியாகப் படுத்துவிடுவார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் பாலிடெக்னிக்கில் படித்தபோது இருதயராஜ்தான் அவளுக்கு வாகன மின்சாரம் பாடம் எடுத்தார். இன்றைக்கும் அதே பாடத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். மொத்தம் இருபத்தாறு வருஷம்.

அப்படிப்பட்டவர் தன் காரைத் தன்னிடம் படித்தவளிடமே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அதுவும் கல்லூரிக்காரர்கள் ஒருத்தர்கூட அந்தப் பக்கம் தலைகாட்டாத ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமாகப் பார்த்து.

"எந்த பல்பு சார்?"

"பின்விளக்கு. புதுசு மாத்துனா ரெண்டு நாளைக்குச் சும்மா இருக்கு. மூணாம் நாள் டாஷ்போர்டுல மறுபடியும் வார்னிங். இதோட பதினோரு பல்பு மாத்தியாச்சு. இப்ப கடையில வர்றது எல்லாமே டூப்ளிகேட்."

கார் பதினெட்டு வருஷப் பழசு. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எந்த விளக்காவது சரியாக எரியாவிட்டால், ஓட்டுகிறவரின் கண்ணுக்கு முன்னால் மஞ்சளாக ஓர் எச்சரிக்கை காட்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தினமும் ஒருத்தர் நம் முகத்துக்கு நேராகக் குறை சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

இருதயராஜ் சொன்னதெல்லாம் நிஜம். சொல்லாமல் விட்டது வேறு.

பதினோராவது பல்புக்கும் எச்சரிக்கை வந்தபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு ரெசிஸ்டரை எடுத்து வயரில் பற்றவைத்தார். அது இருந்தால் விளக்கு எரிகிறதோ இல்லையோ, எரிவதாகக் கார் நம்பிக்கொள்ளும். எச்சரிக்கை நின்றது. அப்பாடா என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒருநாளாவது பின்னால் போய் விளக்கைப் பார்த்தாரா என்றால், இல்லை.

ஒரு மாதம் ஓடியது. போன வாரம் ஒரு சாயங்காலம், நல்ல மழை. ரயில்வே கேட் மூடுகிறதென்று பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த மொபெட் ஒன்று நேராக வந்து காரில் மோதியது.

இறங்கிப் பார்த்தால் சின்னமாயன். அவருடைய கல்லூரியிலேயே லேப் அட்டெண்டர். ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

மறுநாள் காலை சின்னமாயன் வந்து இருதயராஜ் வீட்டு வாசலில் நின்றார். ஒரு கையில் மாவுக்கட்டு. இன்னொரு கையில் ஒரு சீப்பு சிறுமலைப் பழம்.

"மன்னிச்சிருங்க சார். தப்பு என் மேலதான்."

இருதயராஜுக்கு அந்த ரெசிஸ்டர் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தும், அவர் வாய் சொன்னது இதைத்தான்:

"பாத்து வரணும்ல சின்னமாயா."

பழத்தையும் வாங்கிக்கொண்டார்.

அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ரெசிஸ்டரை வெட்டி எறிந்தார். எச்சரிக்கை திரும்ப வந்தது. விளக்கைச் சரிபண்ணிவிட்டால் மனசும் சரியாகிவிடும் என்று யாரோ சொன்ன மாதிரி, காரை எடுத்துக்கொண்டு தவமணியிடம் வந்துவிட்டார்.

தவமணி டிக்கியைத் திறந்து வயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. பற்றவைத்து வெட்டிய தடம்.

"இது என்ன சார்?"

"அது... பழைய வேலை."

ஈயம் பளபளவென்று புதுசாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். இருதயராஜ் ரோட்டில் போகிற பால் வண்டியைப் பார்த்தார்.

இன்னொரு கேள்வி கேட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் கேட்கவில்லை. போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"பின்னாடி போய் நில்லுங்க சார். பிரேக்கை மிதிக்கிறேன்."

போய் நின்றார்.

"எரியுதா?"

குனிந்து பார்த்தார். கண்ணாடிக்குள் மங்கலாக ஒரு சிவப்பு தெரிந்தது.

"எரியுதும்மா."

"இன்னும் தள்ளிப் போங்க."

பத்தடி தள்ளிப் போனார்.

"எரியுதா?"

"எரியிற மாதிரிதான் இருக்கு."

"இன்னும் போங்க சார்."

ரோட்டோர மண்ணில் நடந்தார். பஞ்சர் கடையைத் தாண்டினார். இளநீர் வண்டியைத் தாண்டினார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நின்று திரும்பினார்.

அவ்வளவு தூரத்தில், அந்த மங்கிய வெளிச்சத்தில், தன் காரை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பார்? அதை ஓட்டுகிறவரே அவர்தானே.

கார் கருப்பாக நின்றது. சிவப்பு என்று சொல்ல ஒரு பொட்டுகூட இல்லை. இதோடு மழையும் பெய்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தார்.

"சார்! எரியுதா?"

"இல்ல."

"கேக்கல!"

"எரியலம்மா."

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தவமணி ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினாள்.

"சத்தமாச் சொல்லுங்க சார்!"

"எரியல! எரியல!"

இளநீர்க்காரர் வெட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். பஞ்சர் கடையிலிருந்தும் ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஐம்பத்து நாலு வயதில், நடு ரோட்டில், குரல் உடைந்து நின்றார் இருதயராஜ். அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

திரும்பி வந்தபோது தவமணி டிக்கியின் விரிப்பைத் தூக்கிப் போட்டிருந்தாள். அடித் தகட்டில் ஒரு போல்ட். அது போல்ட் என்று சொன்னால்தான் தெரியும். துரு ஏறி, அதற்கு மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. பல்புக்குப் போகிற மின்சாரம் திரும்பி வர அது ஒன்றுதான் வழி.

"ரெண்டு விளக்குக்கும் எர்த் இதுதான் சார். டிக்கியில எதுவும் ஈரமா வைப்பீங்களா?"

"ஒண்ணும் வைக்கிறதில்லையே."

அவள் காத்திருந்தாள்.

"வருஷா வருஷம் வேளாங்கண்ணி போவோம். கடல்ல குளிச்சிட்டு... அந்த ஈரத்துணிய எல்லாம் சுருட்டி இதுலதான் போடுவோம்."

"எத்தனை வருஷமா?"

"ஒம்பது."

தவமணி உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். கரகரவென்று துரு உதிர்ந்தது. இரும்பு தெரிகிறவரைக்கும் அவள் நிறுத்தவில்லை.

"பல்பைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி எர்த்தைப் பாரு. முதல் கிளாஸ்லயே போர்டுல எழுதிப் போடுவீங்களே சார்."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. நிஜமாகவே ஞாபகம் வந்து சொன்னாள். குத்தியிருந்தால் அவருக்குத் தாங்கிக்கொள்ள லேசாக இருந்திருக்கும்.

"எழுதுவேன்," என்றார். "இந்த வருஷமும் எழுதினேன்."

வயரை மாட்டி போல்ட்டை முறுக்கினாள். இப்போது அவரை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு அவள் பின்னால் போய் நின்றாள். அவர் மிதித்தார். கண்ணாடியில் பார்த்தபோது அவளுடைய சட்டை முழுக்கச் சிவப்பாக இருந்தது. டாஷ்போர்டில் எச்சரிக்கை இல்லை.

இருதயராஜ் இறங்கி வந்தார்.

"இனிமே வார்னிங் வராதுல்ல?"

தவமணி பம்பரில் உள்ளங்கையை வைத்தாள். அங்கே புதுசாக ஒரு நசுங்கல். கொஞ்சம் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. காரின் நிறம் வெள்ளை.

"இது யாரு சார்?"

அவர் சொன்னார். ரெசிஸ்டரைச் சொன்னார், மழையைச் சொன்னார், மாவுக்கட்டைச் சொன்னார். பழத்தைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தவமணி 'பரவாயில்ல சார்' என்று சொல்லவில்லை. அவர் அதை எதிர்பார்த்தார் என்பது அது வராமல் போனபோதுதான் அவருக்கே தெரிந்தது.

"அவரு வீடு எங்க?"

"நாகல் நகர்."

டிக்கியைச் சாத்தினாள். சாவியை அவர் கையில் கொடுத்தாள்.

"விளக்கப் போட்டுட்டுப் போங்க சார்."

சின்னமாயன் வீட்டு வாசலில் கார் நின்றபோது அவர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். சாரைப் பார்த்ததும் பதறி எழுந்தார். ஒரே கையால் நாற்காலியை இழுத்துப் போடப் பார்த்தார்; அது நிலையில் இடித்துக்கொண்டது.

"உக்காருங்க சார். சொல்லி அனுப்பிச்சிருந்தா நானே வந்திருப்பேனே."

இருதயராஜ் உட்காரவில்லை. வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் பாதி காணாமல் போயிருந்தது. மிச்சத்தைச் சொன்னார்.

"தப்பு உன் மேல இல்ல, சின்னமாயா. என் பின்விளக்கு எரியல. கார் எனக்குச் சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. நான்தான் அது வாயை அடைச்சேன். அன்னைக்கு நீ வந்து நிக்கும்போதே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன்னைத்தான் சொன்னேன்."

சின்னமாயன் தலையைக் குனிந்துகொண்டார். மாவுக்கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.

"தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"விளக்கு எரியலன்னு. தினமும் உங்க வண்டிக்குப் பின்னாடிதானே சார் வீட்டுக்கு வர்றேன். ஒரு மாசத்துக்கு மேலயே இருட்டாத்தான் போய்க்கிட்டு இருந்தீங்க. அன்னைக்கு மழையில கவனம் தப்பிருச்சு."



"தெரிஞ்சா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா. ஏன் சொல்லல?"

சின்னமாயனுக்கு அந்தக் கேள்வியே புரியாத மாதிரி இருந்தது.

"லேப்ல அந்தப் பாடத்தையே நீங்கதானே சார் நடத்துறீங்க. உங்ககிட்ட வந்து நான் எப்படி சார் சொல்றது?"