ஏழாவது இலக்கம்

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கராஜ். பழைய இராணுவ ஜீப்புகளை அடையாளம் கண்டு, போர்க்காலத்தில் இருந்தபடியே ஆக்கிக் கொடுக்கிற இடம். அங்கே ஆசிரியை மலர், வயது நாற்பத்தொன்று. அவரிடம் தொழில் பழக வந்தவர் தில்லையம்பலம், வயது அறுபத்துமூன்று. அவர் மலரை "ரீச்சர்" என்பார். மலர் அவரை "அண்ணை" என்பார். இருவருக்கும் அதில் ஒரு கூச்சமும் இல்லை.

ஒரு நாள் எலினோர் என்ற எண்பத்திரண்டு வயது அம்மா ஒரு ஜீப்பைக் கொண்டுவந்து விட்டார். ஏதோ ஒரு பண்ணையில் கிடந்ததைத் தேடி வாங்கியது. கூடவே ஒரு புகைப்படம். பயிற்சி முகாமில், கப்பலேறுவதற்கு முந்தின வாரம், ஒரு ஜீப்பின் பானெட்டில் சாய்ந்தபடி அவருடைய அப்பா சிரிக்கிறார். இரண்டாம் உலகப் போரில், ஹாலந்தில் அவர் இறந்தபோது எலினோர் பிறந்திருக்கவில்லை.

படத்தில் பானெட்டின் வெள்ளை எண் தெளிவாகத் தெரிந்தது. சி, எம் என்று இரண்டு எழுத்து. பிறகு ஏழு இலக்கம்.

"இது அந்த ஜீப்தானா? எனக்கு அது தெரிந்தால் போதும்," என்றார். சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பானெட்டில் பண்ணைக்காரர்கள் பூசிய பெயின்ட் மூன்று அடுக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் இராணுவப் பச்சை; அதன் மேல்தான், இரு பக்கமும், எண். வலது பக்க எண்ணை யாரோ முன்பே சுரண்டி எறிந்துவிட்டார்கள். மிச்சம் இடது பக்கம் மட்டும்.

மலர் ஒரு வாளி தண்ணீரும், ஆக மெல்லிய சாண்ட் பேப்பரும் கொடுத்தார்.

"எவ்வளவு நேரம் தேய்க்கிறது, ரீச்சர்?"

"தேய்க்கிற நேரத்தை விடப் பாக்கிற நேரம் கூட இருக்கவேணும், அண்ணை."

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் ஆறு இலக்கம் தெரிந்துவிட்டது. ஆறும் படத்தோடு ஒத்தது. ஏழாவதுக்கு வந்தபோது தில்லையம்பலத்துக்குக் கை நிற்கவில்லை. தண்ணீரை மறந்தார். பக்கத்தில் கிடந்த முரட்டு சாண்ட் பேப்பரை எடுத்தார். நாலே இழுப்பு. வெள்ளையும் போய், பச்சையும் போய், இரும்பு பல்லிளித்தது.

ஒரே தொகுதியில் செய்த ஜீப்புகளுக்கு அடுத்தடுத்த எண்தான் போடுவார்கள். முதல் ஆறும் ஒத்தவை பத்து இருந்திருக்கும். இது அந்தப் பத்தில் எது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

மலர் வந்து குனிந்து பார்த்தார். இரண்டு பேருக்கும் தேத்தண்ணி போடப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் மலர் வந்தபோது தில்லையம்பலம் பச்சை பூசி முடித்திருந்தார். மங்கலான வெள்ளை ஒன்றும் குழைத்து வைத்திருந்தார். கையில் மெல்லிய தூரிகை.

"படத்திலை எட்டு. எட்டை எழுதிவிடுறன், ரீச்சர். ஆருக்கு என்ன நட்டம்? அந்த மனுசி சந்தோசமா ஏறி இருக்கும்."

"எழுதலாம். உங்கடை கை நல்ல கை. ஒருத்தராலையும் கண்டுபிடிக்கேலாது."

தூரிகை பானெட்டுக்குப் போனது.

"அண்ணை, உங்கடை மகனை ஏத்தின வானுக்கு என்ன நம்பர்?"

"அம்பத்தொம்பது, எழுபத்திரண்டு முப்பத்தொண்டு."

மூச்சு விடுகிற மாதிரிச் சொன்னார். இருபது வருடங்களுக்கு முன் கொழும்பில், பட்டப்பகலில், அவர் மகனை ஒரு வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு தகவல் இல்லை. அந்த எண்ணை அவர் எழுதாத மனு இல்லை. ஒன்பது வருடம், தெருவில் போன வெள்ளை வான் ஒவ்வொன்றின் பின்னாலும் குனிந்து பார்த்தார்.

"நம்பரை ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"பக்கத்து வீட்டு இராசநாயகம்."

"அவர் கண்டவரோ?"

தில்லையம்பலம் தூரிகையின் நுனியைப் பார்த்தார்.

"வானுக்கு நம்பர் தகடே இல்லையாம். சாகக் கிடக்கேக்கைதான் சொன்னவர். நான் குழறி அழுததைப் பாக்கேலாமல் வாயிலை வந்ததைச் சொல்லிப்போட்டாராம். நல்ல மனுசன், ரீச்சர்."

"நல்ல மனுசன்தான்," என்றார் மலர்.

தில்லையம்பலம் தூரிகையை டர்பன்டைன் டப்பாவில் போட்டார். பூசின பச்சையையும் துணியால் துடைத்து எடுத்தார். இரும்பு மறுபடி தெரிந்தது.

சனிக்கிழமை எலினோர் வந்தார். மலர் வாசலிலேயே நின்றுகொண்டார். தில்லையம்பலம்தான், தமக்குத் தெரிந்த இங்கிலீஷில், நின்று நின்று சொன்னார். "ஆறு இலக்கம் ஒத்துப்போகிறது. ஏழாவதை நான் அழித்துவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன். இது அந்த ஜீப்தானா என்று எனக்குத் தெரியாது."

"உங்களை நம்பித்தானே விட்டுப்போனேன்," என்றார் எலினோர்.

தில்லையம்பலம் ஏழாவது இலக்கம் இருந்த இடத்தைக் காட்டினார்.

எலினோர் ஜீப்பை ஒரு தரம் சுற்றி வந்தார். கையுறையைக் கழற்றி, வெறும் இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். "பத்தில் ஒன்று," என்று தமக்குத்தாமே சொன்னார். பிறகு மெதுவாக ஏறி, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். ஓட்டுநர் இருக்கை வெறுமையாக இருந்தது.

அவர் போன பிறகு மலர் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். தில்லையம்பலம் பக்கத்தில் வந்து நின்றார்.

"வியாழக்கிழமை நான் அழிச்சதைக் கண்டியள். ஏன் ரீச்சர் ஒரு சொல்லும் ஏசேல்லை?"

"ஏசியிருந்தால், எனக்குச் சொல்லாமலே எட்டை எழுதியிருப்பியள்."